பெட்டிக்குள் ஒரு சித்தி

எங்கள் வீட்டில் செத்துப்போன சித்தி ஒருத்தி இருந்தாள். பரணில் ஒரு மூங்கில் பெட்டி, அதுதான் அவள் இருப்பிடம். ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். ஓட்டு வீடு, ரயில் பெட்டி மாதிரி நீளம். கூடத்தைத் தாண்டினால் ஜன்னலே இல்லாத ஓர் உள், அதற்கு அப்பால் அடுக்களை, கொல்லை, கிணறு. அந்த இருட்டு உள்ளில்தான் பெட்டி. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதைக் கீழே இறக்கி, துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, அதோடு பேசுவாள். கும்பிடுவாள் என்று சொல்லவில்லை, பேசுவாள் என்றுதான் சொல்கிறேன். "இவளுக்குக் கணக்கே வரமாட்டேங்குதுடி, என்ன பண்றது சொல்லு" என்பாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். அப்புறம், "ம், சரி. சரி, அப்படியே செய்யறேன்" என்று தலையை ஆட்டுவாள்.

ஐம்பதுகளின் ஆரம்பம் அது. எனக்கு எட்டு வயதிருக்கும், ஒன்பதும் இருக்கலாம். கூடத்தில் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பேன். அந்த "சரி" காதில் விழுந்ததும் பலப்பத்தைக் கீழே வைத்துவிடுவேன். அந்தப் பக்கம் யாராவது ஏதாவது சொன்னால்தானே இந்தப் பக்கம் சரி என்று சொல்ல முடியும்?

கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண், அந்த வீட்டுக்குக் கன்னிசாமி. திருவெள்ளறைப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் இது உண்டு. அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம்தான். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை புதுச் சிற்றாடை, கண்ணாடி வளையல், கருகமணி, சீப்பு எல்லாம் முறத்தில் வைத்து, இலை போட்டு, பச்சரிசி மாவில் வெல்லம் பிசைந்து, செத்தவளுக்குப் பிடித்ததெல்லாம் செய்து படைப்பார்கள். புதுச் சிற்றாடை பெட்டிக்குள் போகும். போன வருஷத்துச் சிற்றாடை வெளியே வரும். அது வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைக்கு, அதாவது எனக்கு. தெருவில் மற்றப் பெண்கள் கடையில் எடுத்த துணியைப் போட்டுக்கொண்டு மினுக்குவார்கள். நான் மட்டும் ஒரு செத்தவள் வருஷம் முழுக்க உடுத்தியிருந்ததை உடுத்திக்கொண்டு திரிவேன். கற்பூரமும் புழுக்கமும் கலந்து ஒரு வாடை அடிக்கும். அம்மா அதைக் கட்டிவிட்டு, எட்ட நின்று, தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். "அப்படியே இருக்கா" என்பாள். யார் மாதிரி என்று நான் கேட்டதில்லை. கேட்பேனா!

படையலில் எனக்குப் பிடிக்காத கட்டம் ஒன்று உண்டு. தீபம் காட்டியதும் உள்ளைச் சாத்திவிட்டு எல்லாரும் கொல்லைக்குப் போய்விட வேண்டும். சாமி வந்து சாப்பிட வேண்டாமா? ஆள் நடமாட்டம் இருந்தால் வராது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறப்பாள். கனைக்காமல் திறந்து, சாப்பிடுகிறவளைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், பார்த்தவர் கதை முடிந்தது. அந்த நேரம் முழுக்க நான் கிணற்றடியில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். ஒரு வருஷம் பொத்தியும் கேட்டது, வளையல் சத்தம். "எலிடி" என்றாள் அம்மா. எந்த ஊர் எலி வளையல் போட்டுக்கொள்கிறது?

அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. அதிர்ந்து பேசாத மனுஷர். ஒருநாள் அவரோடு டவுனுக்குப் போய்விட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவர் வெற்றிலை வாங்க அந்தப் பக்கம் போனார். பூக்காரிகள் உட்காரும் இடத்தில் பார்த்தால் அம்மா நிற்கிறாள். அதே நெற்றி, அதே மூக்கு, இடுப்பில் கையை ஊன்றி ஒரு காலில் சாய்ந்து நிற்கிற அதே நிற்பு. வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தவள் எப்படி வந்தாள் என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எப்பம்மா வந்த?"

திரும்பினாள். நெற்றியில் பொட்டு இல்லை. பொட்டு இல்லாமல் என் அம்மாவின் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. அவள் என்னைப் பார்த்தாள், என் சிற்றாடையைப் பார்த்தாள். குனிந்து அதன் கரையை விரலால் தடவினாள். அப்புறம் என் அம்மாவின் முகம் என்னிடம் கேட்டது: "உங்கம்மா நல்லாயிருக்காளா கண்ணு?"

பிடித்த கையை உதறிவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அப்பா வந்தார். அவளைப் பார்த்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறினார். அவ்வளவு பெரிய பெண்ணை அவர் தூக்கி வெகு நாளாகியிருந்தது. சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது அவருக்கு.

வீட்டில் அம்மா பொட்டோடு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நான் வீல் என்று அலறியதுதான் தெரியும், காய்ச்சல் அனலாய் அடித்தது. தெளிந்ததும் கண்டதைச் சொன்னேன். அம்மா பயப்படுவாள் என்று பார்த்தால், முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "காட்சி குடுத்திருக்கா! உனக்குக் காட்சி குடுத்திருக்காடி! என்ன சொன்னா? என்னைக் கேட்டாளா?" என்று உலுக்கினாள். கேட்டாள் என்றேன். அம்மா உள்ளுக்குள் ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "என்கிட்ட வரலியேடி, இத்தினி வருஷமா இலை போடறேன், என்கிட்ட ஒரு தடவை வரலியே" என்று அழுதாள். என் அம்மா அழுததை முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் எனக்குக் காய்ச்சல் என்று இல்லை. எனக்கு அது பொறுக்கவே இல்லை.

அதற்கப்புறம் வெகு காலத்துக்கு நான் டவுனுக்குப் போகவே பயப்பட்டேன். பள்ளிப் படிப்பு முடிந்து, டீச்சர் டிரெயினிங்குக்குத் திருச்சியில் இடம் கிடைத்தது. தினமும் சத்திரத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். ஒரு சாயங்காலம் அதே முகம் எனக்கு எதிரே வந்து நின்றது. தலையில் நரை ஓடியிருந்தது. அம்மாவுக்கு எந்த இடத்தில் நரைத்ததோ அதே இடத்தில்.

"ஓடிடாதே கண்ணு" என்றாள். "நான் சாகலை. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். வேர்த்து, பிசுபிசுப்பாக, உயிருள்ள கை.

பாலக்கரையில் ஒரு குறுகலான தெருவில் இருந்தது அவள் வீடு. சுவரில் மாதா படம், வாசலில் கழற்றிப் போட்ட ஆயில் இன்ஜின் சாமான்கள், அடுக்களையில் என் அம்மா வைக்கிற அதே பருப்புக் குழம்பின் வாசனை. என் வயதுக்குக் கொஞ்சம் இளையவளாய் ஒரு மகள், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி என் முகம். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் வெறித்துப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்தோம். நான் பெரியம்மா மகள் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்குத்தான் எதுவும் தெரியாது.

சித்தி சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஊரில் தாத்தா வயலில் ஆயில் இன்ஜின் ரிப்பேருக்கு வந்த வேதக்கார மெக்கானிக் ஒருவரோடு அவள் ஒரு விடியற்காலை போய்விட்டாள். பாலக்கரை மாதா கோயிலில் கல்யாணம். அந்த வாரம்தான் அக்காவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, நிச்சயதார்த்தம் வைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாசலோடு திரும்பிப் போனார்கள். தாத்தா, மகள் உறவுக்காரர் ஊருக்குப் போன இடத்தில் வாந்திபேதியில் போய்விட்டாள் என்று ஊரைக் கூட்டிச் சொல்லித் தலை முழுகிவிட்டார். அக்காவை வெகு காலம் யாரும் கேட்டு வரவில்லை. கடைசியில் மனைவியை இழந்த என் அப்பாவுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்தார்கள்.

"அவளுக்குக் கோபம் கல்யாணம் நின்னதுல இல்ல" என்றாள் சித்தி. "ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்தவங்க. கடைசி ராத்திரிகூட என் மேல காலைப் போட்டுக்கிட்டுத் தூங்கினா. அவகிட்ட சொல்லாம எழுந்து வந்துட்டேன் பாரு, அதுதான். சொன்னா என்னைப் போக விட்டிருப்பாளா, நீயே சொல்லு."

அப்பாவிடம் மண்டியில் வைத்துக் கேட்டேன். வாழைத்தார்களுக்கு நடுவே உட்கார்ந்து அவர் தலையைச் சொறிந்துகொண்டார். எனக்கு முன்னால் பிறந்த ஓர் ஆண் குழந்தை தவறிப்போனதாம். குறி கேட்கப் போன இடத்தில், "உங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி பூமிக்குள்ள போயிருக்கா, அவளுக்கு ஒரு முழத் துணிகூட வைக்கலை, அவதான் எடுத்துக்கிட்டா" என்றாளாம் குறிகாரி. அவளுக்கும் வாந்திபேதிக் கதைதான் தெரியும். அம்மா அன்றைக்கே பெட்டி வாங்கிவிட்டாள்.

"உசிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சும் எப்படிப்பா?" என்றேன்.

"நானும் கேட்டேன்மா. இல்லாதவள்னு சொல்லி ஒரு இடத்தை ஒழிச்சு வெச்சுட்டோம், அந்த இடத்துல யாரோ வந்து உக்காந்துட்டாங்கறா. இனிமே எழுந்திரின்னு சொல்ல முடியாதுங்கறா. நீ இதுல தலையிடாதே."

அந்த ராத்திரி நான் எப்படித் தூங்கியிருப்பேன்? சித்தி பாலக்கரையில் பருப்புக் குழம்பு வைக்கிறாள். அப்படியானால் வெள்ளிக்கிழமை என் அம்மா யாரோடு பேசுகிறாள்? யார் உடுத்திய துணியை நான் இத்தனை வருஷம் உடுத்தினேன்?

அம்மாவிடம் பாலக்கரைப் பேச்சை இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. நான் பேசுவதே காதில் விழாத மாதிரி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அப்புறம் வெள்ளிக்கிழமை, பெட்டிக்கு முன்னால், "பொண்ணு என்னென்னமோ சொல்றாடி, நீ எதையும் மனசுல வெச்சுக்காதே" என்று சமாதானம் சொல்லுவாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் சித்தி வாடிப்போனாள். வயிற்றில் கட்டி என்றார்கள், கீறி எடுக்க வேண்டும், ஆனால் பிழைப்பு உறுதியில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். நான் போனபோது வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குச் சாகறதுக்குப் பயமில்ல கண்ணு" என்றாள். "அவ வந்து பக்கத்துல உக்காரணும். வேற ஒண்ணுமே வேணாம். என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும். என்னடி இப்படி இளைச்சுட்டேன்னு அவ வாயால ஒரு தடவை கேக்கணும். அப்புறம் என்ன வேணா ஆகட்டும்."

வீட்டுக்கே வாங்க சித்தி என்றேன். ஆடி வெள்ளி, படையல் அன்றைக்கு மத்தியானம், அப்பா மண்டியில் இருப்பார், அம்மா மனசு இளகி இருப்பாள், எல்லாம் முடிந்து நாங்கள் சாப்பிடுகிற நேரத்துக்கு வாங்க என்று சொல்லி வைத்தேன். பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது அவளுக்கு.

அம்மா தீபம் காட்டி, உள்ளைச் சாத்திவிட்டு, என்னோடு கொல்லையில் நின்றாள். உச்சி வெயில். பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள், அவ்வளவு அமைதி. அப்போது உள்ளே வளையல் சத்தம் கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை எலி என்று சொல்லவில்லை. தொண்டையைக் கனைத்தாள். போய்க் கதவைத் திறந்தாள்.

இலைக்கு முன்னால் சித்தி உட்கார்ந்திருந்தாள். புதுச் சிற்றாடையை மடியில் போட்டுக்கொண்டு, முறத்தில் இருந்த கண்ணாடி வளையலைக் கையில் ஏற்றிக்கொண்டு, வெல்ல மாவை உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் அடித்தது. யார் என்று தெரிந்த நானே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். வாசல் வழியாக வந்து, யாரையும் காணாமல், கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். அவளுக்குச் சின்ன வயதில் பிடித்ததெல்லாம் இலையில் இருக்கிறது. உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா" என்றாள், வாயில் மாவோடு.

அம்மா தடால் என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். "வந்துட்டியா தாயே! என் கண்ணால பாக்கக் குடுத்து வெச்சுதே! நான் என்ன குறை வெச்சேன், என் பிள்ளையை எடுத்துக்கிட்டியே தாயே! இந்தப் பொண்ணையாவது விட்டுவை, இவளுக்கு ஒரு நல்ல இடமா அமைச்சுக் குடு!"

"அக்கா, நான்தான்க்கா. நெசமாவே நான்தான். எழுந்திரு. எனக்கு உடம்புக்கு முடியலை. புதன்கிழமை ஆஸ்பத்திரியில கீறப்போறாங்க. நீ வந்து என் பக்கத்துல இரு."

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைகளைத் தலைக்கு மேலே குவித்தபடி, "காப்பாத்து தாயே, காப்பாத்து தாயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெட்டிக்குள் இருப்பவளை வாய் நிறைய 'டி' போட்டுக் கூப்பிட்டவள்! நான் "அம்மா, கண்ணைத் திற, உன் தங்கச்சிம்மா" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். மரக்கட்டை மாதிரி இருந்தாள். சித்தி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மாவுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அம்மாவின் தலையில் வைத்தாள்.

"நல்ல இடமா அமையும். போ" என்றாள்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. சித்தி சிரிக்கப் பார்த்தாள். "படையல் சாப்பிட்டேன்னு தெரிஞ்சா எங்க சாமியார் என்னைக் கோயில் வாசல்ல முட்டி போட வைப்பார். பசிச்சுது கண்ணு. எனக்குன்னுதானே வெச்சிருந்தா." பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் திரும்பி, "உங்கம்மாவுக்கு வலது முட்டி வலிக்குதா? விழுந்தவ எழுந்திருக்க முடியாம தடுமாறினாளே. ஒரு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு" என்றாள்.

புதன்கிழமை காலையில் நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். உள்ளில் விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமைகூட இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு, வாயை அதன் மூடியோடு ஒட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாலக்கரைக்காரிக்கு இன்னிக்குக் கீறப்போறாங்க. அவளை எடுத்துக்காதேடி. என் தங்கச்சிடி அவ. ஏற்கெனவே ஒண்ணை எடுத்துக்கிட்ட, போதும். நான் சொன்னதைக் குடுத்துடறேன்."

தெரிந்திருக்கிறது! அன்றைக்கு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று அவளுக்குத் தெரிந்தேயிருக்கிறது! "அம்மா, எழுந்திரு, இப்பவே போயிடலாம்" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. "நீ போ. நான் இங்க இருந்து கேட்டாத்தான் ஆகும்" என்றாள். சரி, பின்னால் வருவாள், இத்தனை தூரம் இறங்கி வந்தவள் வராமலா போவாள் என்று நினைத்தேன்.

சித்தியைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். "அம்மாவுக்கு எல்லாம் தெரியும் சித்தி. உங்களுக்காக வேண்டிக்கிட்டிருக்காங்க. என் தங்கச்சின்னு அவங்க வாயாலயே சொன்னாங்க, என் காதால கேட்டேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "வந்துடுவாளா?" "வந்துடுவாங்க." அந்த முகத்தோடுதான் உள்ளே போனாள். கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள்.

வராந்தா பெஞ்சில் நானும் சித்தப்பாவும் அந்த மகளும். சித்தப்பா ஜெபமாலையை உருட்டிக்கொண்டேயிருந்தார். வெயில் ஏறி இறங்கியது. ஒருவழியாக டாக்டர் வெளியே வந்து, கட்டியை எடுத்தாச்சு, பயமில்லை, கண் முழிக்க நேரமாகும் என்றார். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓடினேன். பஸ் காவேரிப் பாலத்தில் ஊர்ந்தபோது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

அம்மா அதே இடத்தில் இருந்தாள். பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"பொழைச்சுட்டாங்கம்மா!"

"பொழைச்சுட்டாளா? நெசமாவா? முழிச்சாளா? ரொம்ப ரத்தம் போச்சா? எப்படி இருக்கா, ரொம்ப இளைச்சுட்டாளா?" சித்தி ஆசைப்பட்டதையெல்லாம் என்னிடம் கேட்டாள். கண்ணில் தாரை தாரையாக வடிந்தது. நான் கொடியிலிருந்து அவள் புடவையை உருவினேன். "மாத்திக்கோ. நீயே வந்து கேளு."

"நான் எப்படி வர்றது? குடுத்துட்டேனே."

"என்னத்தைக் குடுத்த?"

"அவ உசிரை விட்டுடு, ஜென்மத்துக்கும் அவ முகத்தை நான் பாக்க மாட்டேன்னு பெட்டி மேல அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன்." ஏதோ எதிர்வீட்டுச் சமாசாரம் போலச் சொன்னாள். "வேற என்னத்தைடி குடுக்கறது? மொட்டை போடறேன், மாவிளக்கு போடறேன்னா ஒரு உசிருக்கு அது ஈடாகுமா? எனக்கு எது ரொம்ப வேணுமோ அதைத்தானே குடுக்கணும். அவளைப் பாக்கணும்கிறதைத் தவிர இத்தினி வருஷமா எனக்கு வேற என்ன ஆசை இருந்துச்சு?"

அடிப்பாவி என்று கத்தினேன். பெற்றவளைப் பார்த்து அந்த வார்த்தை வந்துவிட்டது, வந்தால் வரட்டும். பெட்டியைக் காட்டிக் கேட்டேன்: "உன் தங்கச்சி அங்க படுத்திருக்கா. அப்ப இதுக்குள்ள யாரும்மா இருக்கா? சொல்லு, யாரு இருக்கா?"

அம்மா பெட்டியைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"தெரியலைடி" என்றாள் தாழ்ந்த குரலில், யாருக்கோ கேட்டுவிடும் போல. "ஆனா யாரோ இருக்கா. கேட்டதும் குடுத்தா பாத்தியா. வாக்கு தப்பினா குடுத்ததைத் திருப்பி எடுத்துக்குவா."

புடவையைத் திரும்பக் கொடியில் போட்டேன். அப்புறமும் இருவரும் வெகு காலம் இருந்தார்கள், நடுவே ஒரு பாலம்தான். அம்மா கடைசி வரை பாலக்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த முகம் எதிரே வந்துவிடும் என்று சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கக்கூட மாட்டாள்.

அன்றைக்குத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனபோது விளக்கு வைத்துவிட்டார்கள். சித்திக்கு நினைவு வந்திருந்தது. நான் கிட்டே போனதும் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். வராந்தாவில் யாரோ நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டு, அது தாண்டிப் போகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பொய் சொல்ல நினைத்துத்தான் வந்தேன். அந்தக் கண்ணைப் பார்த்தபோது வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

சித்தி அழவில்லை.

"அப்ப நான் செத்திருந்தா வந்திருப்பா" என்றாள்.

அப்புறம் தண்ணீர் கேட்டாள். நர்ஸ் இன்னும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.